நாணயக் குவியலில் வெள்ளி தேடல்: இந்திய ரூபாயின் வரலாற்றில் பொறுக்கலும் மீட்பும்

முன்னுரை

புழக்கத்திலுள்ள நாணயங்களை வங்கியிலோ கடையிலோ மொத்தமாக மாற்றிப் பெற்று, அவற்றுள் வெள்ளி கலந்தவற்றைத் தனியே பொறுக்கி எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றை மீண்டும் புழக்கத்தில் விடுவது இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் பரவிய ஒரு வழக்கம். இதனைப் பொழுதுபோக்கு என்று சிலரும், பேராசை என்று சிலரும் கூறுவர். பணத்தின் வரலாற்றை நோக்குவார்க்கு இது இவ்விரண்டினும் ஆழ்ந்த பொருளுடையது. உலோகத்தில் வேறுபட்ட இரு நாணயங்களுக்குச் சட்டம் ஒரே மதிப்பைக் கற்பிக்கும்போது, அவ்வேறுபாட்டைக் காணும் கண்ணுக்கு ஆதாயம் உண்டாகிறது. நல்ல நாணயம் பெட்டிக்குள் செல்ல, தாழ்ந்த நாணயம் சந்தையில் உலவுகிறது. பொருளியலார் இதனைக் கிரஷாம் விதி என்பர்.

இவ்விதி பாட நூல்களில் ஓர் இயற்கை விதி போலக் கூறப்படினும், அது தானே இயங்குவதில்லை. யாரோ ஒருவர் நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். இந்திய வெள்ளி ரூபாயின் வரலாற்றில் அவ்வாறு பார்த்தவர் யாவர், அவர்களுக்கு எப்போது ஆதாயம் கிட்டியது, அந்த ஆதாயம் இறுதியில் யாரிடம் சென்று சேர்ந்தது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. நோட்டக்காரரும் வட்டமும்

நாணயத்தைத் தேர்ந்து பார்ப்பது தமிழகத்தில் தொன்மையான தொழில். சங்கப் புலவர் பெயர்களுள் விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்பன காணப்படுகின்றன. வண்ணக்கன் என்பது நாணயத்தின் தரத்தை ஆய்ந்து கூறுவோனைக் குறிக்கும் சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ‘அன்றாடு நற்காசு’, ‘பழங்காசு’ ஆகிய தொடர்களும் எல்லாக் காசும் ஒன்றாக மதிக்கப்படவில்லை என்பதை உணர்த்துகின்றன. இன்ன காசு என்று குறிப்பிட்டாலன்றிக் கொடுக்கல் வாங்கல் முற்றுப்பெறவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தொழிலைச் செய்தவர்கள் நோட்டக்காரர் எனவும் சராப்பு எனவும் அழைக்கப்பட்டனர். வராகன், பணம், காசு, ஆர்க்காட்டு ரூபாய் எனப் பலவகை நாணயங்கள் ஒரே கடைத்தெருவில் வழங்கிய காலம் அது. ஒரு நாணயத்தை மற்றொன்றாக மாற்றும்போது கழிக்கப்பட்ட தொகை ‘வட்டம்’ எனப்பட்டது. வங்காளத்தில் சிக்கா ரூபாய் அச்சிடப்பட்ட ஆண்டில் முழு மதிப்புப் பெற்று, ஆண்டுகள் கழியக் கழிய வட்டம் கொடுத்தே செல்லும் நிலைக்கு இறங்கியது. எனவே நாணயத்தின் ஆண்டைப் படிப்பதும், சுண்டி ஓசை கேட்பதும், தராசில் நிறுப்பதும் அன்றாடத் தேவைகளாயின. இவற்றை அறிந்தவர் வட்டத்தை வாங்கினர்; அறியாதவர் கொடுத்தனர்.

இக்கால நாணயத் தேடலுக்கும் அக்கால நோட்டத்திற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நோட்டக்காரரின் கண்ணுக்குக் கிடைத்த கூலி வெளிப்படையானது. நாணயத்திற்கு நாணயம் மதிப்பு வேறு என்பதை இருதரப்பாரும் ஒப்புக்கொண்டிருந்தனர். மறைமுகத் தேடலுக்கு இடம் ஏற்பட, எல்லா ரூபாயும் ஒன்றே என்று ஒரு சட்டம் முதலில் சொல்லவேண்டியிருந்தது.

2. ஒரே எடையும் ஒரே தூய்மையும்

அச்சட்டம் 1835ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் பொதுவான ஒரு ரூபாயை அது ஏற்படுத்தியது. அதன் எடை 180 கிரெய்ன். அதில் 12இல் 11 பங்கு, அதாவது 165 கிரெய்ன், தூய வெள்ளி. இன்றைய அளவில் 11.66 கிராம் எடையும் ஏறத்தாழ 10.69 கிராம் வெள்ளியும் ஆகும். இந்த அளவு சென்னை மாகாணத்தில் முன்னரே வழங்கிய ஒன்றாகும். 1818இல் வராகனுக்குப் பதிலாக ரூபாயைக் கணக்கு நாணயமாக்கியபோது சென்னையில் ஏற்கப்பட்ட எடையும் தூய்மையுமே பின்னர் இந்தியா முழுமைக்கும் உரியனவாயின.

180 கிரெய்ன் என்பது ஒரு தோலாவும் ஆகும். இதனால் ரூபாய் நாணயமாக இருந்ததோடு எடைக்கல்லாகவும் பயன்பட்டது. ‘ரூபாய் எடை’ என்ற வழக்குத் தமிழகத்தில் நாட்டு மருந்துக் கடைகளிலும் பொற்கொல்லர் பட்டறைகளிலும் நெடுங்காலம் நிலைத்தமைக்கு இதுவே காரணம். ரூபாயைக் கையில் வைத்திருந்தவர் தம்மிடம் எவ்வளவு வெள்ளி உள்ளது என்பதை அறியத் தராசைத் தேடவேண்டியதில்லை, எண்ணினால் போதும். கொலுசாகவும் தண்டையாகவும் மாறுவதற்கு முந்தைய நிலையில் உள்ள வெள்ளியாகவே குடும்பங்கள் ரூபாயைக் கருதின. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் ரூபாய் உருகி அணியாவதும், பஞ்சம் வந்த ஆண்டில் அணி உருகி ரூபாயாவதும் இயல்பாக நடந்தன. வெள்ளியை எவரும் அக்கசாலையில் கொடுத்து, சிறு கட்டணம் செலுத்தி, ரூபாயாகப் பெறும் உரிமை அக்காலத்தில் இருந்தது. ஆகவே வெள்ளிக்கும் ரூபாய்க்கும் இடையே பெரும் விலை வேறுபாடு தோன்றவில்லை. தேடுவாருக்கும் பெரிய ஆதாயம் இல்லை.

இந்நிலை 1893இல் மாறியது. உலகச் சந்தையில் வெள்ளியின் விலை வீழ்ந்துகொண்டே வந்ததால், ஹெர்ஷல் குழுவின் பரிந்துரைப்படி இந்திய அக்கசாலைகள் தனியார் வெள்ளிக்கு மூடப்பட்டன. ரூபாயின் மதிப்பு பின்னர் 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்ற அளவில் நிலைபெற்றது. அதனுள் இருந்த வெள்ளியின் விலையோ அதனினும் மிகக் குறைவு. ரூபாய் இப்போது வெள்ளியில் அச்சிட்ட ஒரு சீட்டுப் போன்றது. அதனை உருக்குவோர் இழப்பையே அடைவர். இவ்வாறு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் ரூபாய் பொறுக்குவார் கையினின்று தப்பியிருந்தது. அதனைக் காத்தது அதன் தூய்மையன்று, வெள்ளியின் மலிவே.

3. 1917ஆம் ஆண்டின் படிப்பினை

முதல் உலகப் போர் இந்த மலிவை முடிவுக்குக் கொண்டுவந்தது. போர்க்காலத்தில் இந்தியாவின் ஏற்றுமதி பெருகிற்று. படைச் செலவுகளுக்காகவும் ரூபாய் மிகுதியாகத் தேவைப்பட்டது. அதே வேளையில் உலகின் வெள்ளி உற்பத்தி குன்றியது. லண்டன் சந்தையில் வெள்ளியின் விலை ஏறத் தொடங்கியது.

இங்கு ஒரு சிறு கணக்கு தேவைப்படுகிறது. லண்டனில் விலை கூறப்பட்ட ஓர் அவுன்ஸ் தர வெள்ளியில் 444 கிரெய்ன் தூய வெள்ளி உண்டு. ரூபாயில் இருப்பது 165 கிரெய்ன். ரூபாயின் மதிப்பு 16 பென்ஸ். ஆகவே ஓர் அவுன்ஸின் விலை 43 பென்ஸை எட்டும்போது ரூபாயில் உள்ள வெள்ளி ரூபாய்க்குச் சமமாகும். அதற்கு மேல் ஏறினால் நாணயத்தைச் செலவிடுவதைவிட உருக்குவதே ஆதாயம். 1917 ஆகஸ்டில் விலை இந்த எல்லையைக் கடந்தது. அரசு ரூபாயின் மாற்று விகிதத்தை 1 ஷில்லிங் 5 பென்ஸாக உயர்த்தியது. வெள்ளியின் விலை மேலும் ஏற ஏற, விகிதமும் படிப்படியாக உயர்த்தப்பட்டு 1919ஆம் ஆண்டின் இறுதியில் 2 ஷில்லிங் 4 பென்ஸை அடைந்தது. நாணயத்தை உருக்குலைக்கு இரையாக்காமல் காப்பதற்காக ஒரு நாட்டின் மாற்று விகிதத்தையே திரும்பத் திரும்ப மாற்றவேண்டி நேர்ந்தது.

வேறு தடைகளும் விதிக்கப்பட்டன. பொன், வெள்ளி நாணயங்களை நாணயமாகவன்றி வேறு எவ்வகையிலும் பயன்படுத்துவது 1917இல் குற்றமாக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் ஒரு ரூபாய்த் தாள் வெளியிடப்பட்டது. 2 அணா நாணயம் 1918 முதலும், 4 அணா, 8 அணா நாணயங்கள் 1919 முதலும் செம்பு-நிக்கல் கலவையில் அச்சிடப்பட்டன. ஆனால் மக்கள் தாளை எளிதில் ஏற்கவில்லை. சில இடங்களில் வட்டம் கழித்தே தாளை ரூபாயாக மாற்றமுடிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் வட்டம் இருபதாம் நூற்றாண்டில் வேறு வடிவில் திரும்பியது.

1918ஆம் ஆண்டின் முற்பகுதியில், தாளைக் கொடுத்தவருக்கு ரூபாய் தரும் வாக்கையே காப்பாற்ற முடியாமற்போகும் நிலை அரசுக்கு ஏற்பட்டது. அப்போது உதவியது அமெரிக்காவின் பிட்மன் சட்டம். 1918 ஏப்ரல் 23இல் நிறைவேறிய அச்சட்டத்தின்படி, அமெரிக்கக் கருவூலத்தில் குவிந்துகிடந்த வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டு, ஓர் அவுன்ஸ் 1 டாலர் என்ற விலையில் இந்தியாவுக்காக விற்கப்பட்டன. அவ்வாறு உருக்கப்பட்டவை 25 கோடியே 90 இலட்சத்துக்கு மேற்பட்ட டாலர் நாணயங்கள். அவற்றிலிருந்து கிடைத்த வெள்ளி ஏறத்தாழ 20 கோடி அவுன்ஸ். ஒரு நாட்டின் நாணயத்தை உருக்கி மற்றொரு நாட்டின் நாணயமாக்கிய நிகழ்ச்சி இது. அவ்வாறு உருவான ரூபாய்களும் விரைவில் வீடுகளுக்குள் மறைந்தன.

4. 1940: நாணயம் என்னும் சொல்லின் விரிவு

1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம் ஒரு கடமையை விதித்தது. தாளைக் கொண்டுவந்து கேட்பவருக்கு வங்கி ரூபாய் நாணயம் கொடுத்தாக வேண்டும். அமைதிக் காலத்தில் இவ்விதி யாருக்கும் சுமையன்று. 1940 ஜூனில் பிரான்சு வீழ்ந்ததும் நிலை மாறியது. பேரரசு நிலைக்குமோ என்னும் ஐயம் எழவே, தாள் வைத்திருந்தோர் ரிசர்வ் வங்கியின் அலுவலகங்களிலும் கருவூலங்களிலும் கூடி வெள்ளி ரூபாய் கேட்கத் தொடங்கினர். இவர்கள் அனைவரும் வாணிகச் சூதர்கள் அல்லர். பெரும்பாலோர் தம் சேமிப்புக்கு அரசனின் ஒப்பத்தைவிட உறுதியான ஒரு பற்றுக்கோடு தேடியவர்கள்.

அரசின் மறுமொழி மூவகையில் அமைந்தது. முதலாவதாக, தன் தனிப்பட்ட அல்லது தொழில் தேவைக்கு மிகுதியாக நாணயம் சேர்ப்பது இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 1940 ஜூன் இறுதியில் குற்றமாக்கப்பட்டது. இரண்டாவதாக, வெள்ளி நாணயங்களின் கலவை மாற்றப்பட்டது. புதிய ரூபாயில் வெள்ளி 50 விழுக்காடு, செம்பு 40 விழுக்காடு, நிக்கலும் துத்தநாகமும் தலா 5 விழுக்காடு. எடை முன்போலவே 180 கிரெய்ன். வெள்ளி மட்டும் 165 கிரெய்னிலிருந்து 90 கிரெய்னாகக் குறைந்தது. கள்ள நாணயத்தைத் தடுப்பதற்காக அதன் விளிம்பு தனியமைப்பில் வெட்டப்பட்டது. அவ்விளிம்பே பழைய ரூபாயையும் புதிய ரூபாயையும் பிரித்தறியும் அடையாளமாகவும் உதவியது.

மூன்றாவதே மொழி நோக்கிலும் கருதத்தக்கது. 1940ஆம் ஆண்டின் செலாவணி அவசரச் சட்டம் ஒரு ரூபாய்த் தாளை மீண்டும் கொணர்ந்தது. 1926இல் நிறுத்தப்பட்டிருந்த அத்தாள் இம்முறை வெறும் தாளாக வரவில்லை. சட்டத்தின் பார்வையில் அதுவே ‘ரூபாய் நாணயம்’ என்று விதிக்கப்பட்டது. இதன் விளைவு நுட்பமானது. நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து நாணயம் கேட்டவருக்கு வங்கி நூறு ஒரு ரூபாய்த் தாள்களைக் கொடுத்தாலும் சட்டப்படி நாணயம் கொடுத்ததாகவே ஆயிற்று. வங்கியின் கடமையை நீக்காமலே, அக்கடமையைக் கூறிய சொல்லின் பொருள் விரிக்கப்பட்டது. ஒரு ரூபாய்த் தாளை ரிசர்வ் வங்கியன்றி நடுவண் அரசே வெளியிடுவதும், அதில் நிதித்துறைச் செயலர் ஒப்பமிடுவதும் அது சட்டத்தில் நாணய வகையைச் சேர்ந்ததாகக் கருதப்படுவதனோடு தொடர்புடையன.

தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருசேரக் குறிக்கும். கொடுத்த சொல்லைக் காப்பவனை நாணயமானவன் என்கிறோம். காசின் மதிப்பு அதனைக் கொடுப்பவனின் வாக்கில் தங்கியிருக்கிறது என்னும் கருத்து இச்சொல்லில் அடங்கியுள்ளது. 1940இல் வங்கியின் வாயிலில் கூடியவர்கள் இவ்விரு பொருளையும் பிரித்துவிட்டனர். வாக்கு வேண்டா, வெள்ளி வேண்டும் என்றனர். அரசு அவர்களுக்குத் தன் வாக்கையே வெள்ளி என்று பெயரிட்டுக் கொடுத்தது.

5. அரசே தேடுநர்

புதிய கலவை வந்ததும் புழக்கத்தில் இருவகை ரூபாய்கள் இருந்தன. பழைய ரூபாயில் 165 கிரெய்ன் வெள்ளி; புதியதில் 90. இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே. கடைக்காரரும் காசாளரும் வாடிக்கையாளரும் பழையதை எடுத்து வைத்துப் புதியதைக் கொடுப்பர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இத்தேடலில் அனைவரினும் பெரிய பங்கு கொண்டது அரசாகும்.

அரசு பழைய ரூபாய்களை மன்னர் வரிசைப்படி திரும்பப் பெற்றது. விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த ரூபாய்களும் அரை ரூபாய்களும் 1941 ஏப்ரல் 1 முதல் செல்லாதவையாயின. எட்வர்டு மன்னரின் நாணயங்கள் 1942 ஜூன் 1 முதலும், ஐந்தாம், ஆறாம் ஜார்ஜ் மன்னர்களின் பழைய தரத்து நாணயங்கள் 1943 மே 1 முதலும் அவ்வாறே ஆயின. குறித்த நாளுக்குப் பின்னரும் சில காலம் அரசு அலுவலகங்களில் அவை ஏற்றுக்கொள்ளப்பட்டன. தனியொருவர் ஆண்டையும் தலையையும் பார்த்துச் செய்த பொறுக்கலை அரசு ஆணையின் மூலம் நாடு முழுவதும் செய்தது. ஒரு வேறுபாடு உண்டு. தனியார் தேடலில் நாணயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். அரசின் தேடலில் நாணயங்களே தேடுவோரிடம் வந்து சேர்ந்தன. வெள்ளி ரூபாயைக் கொடுத்தவருக்கு அதன் முகமதிப்பு மட்டுமே கிடைத்தது.

1938, 1939 ஆகிய ஆண்டுகளைக் குறித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களே பழைய தரத்தில் அச்சிடப்பட்ட கடைசி ரூபாய்கள். அவற்றுள் 1939ஆம் ஆண்டு ரூபாய் இன்று நாணயம் சேர்ப்போரிடையே மிக அரிதானதாக மதிக்கப்படுகிறது. பழைய ரூபாய்களை மீட்டு உருக்கிய பணி எவ்வளவு முழுமையாக நடந்தது என்பதற்கு அந்த அருமையே சான்று.

சில்லறைத் தட்டுப்பாடும் இக்காலத்தில் கடுமையாயிற்று. நிக்கல் போர்த் தேவைக்குச் சென்றதால் 1942இல் அரையணா, ஓரணா, இரண்டணா நாணயங்கள் நிக்கல் பித்தளையில் அச்சிடப்பட்டன. 1943இல் செம்பைச் சிக்கனப்படுத்த நடுவில் துளையிட்ட காலணா வந்தது. தமிழகத்தில் அது ‘ஓட்டைக் காலணா’ எனப் பெயர்பெற்றது. சௌராட்டிரத்தைச் சேர்ந்த சமஸ்தானங்கள் சில, காசுக்குப் பதிலாகச் சிறு அட்டைச் சீட்டுகளை வெளியிட்டன. வெள்ளிக்குத் தொடங்கிய தட்டுப்பாடு செம்பு வரை இறங்கியது.

உள்நாட்டில் திரட்டிய வெள்ளியும் போதவில்லை. போரின் இறுதி ஆண்டுகளில் அமெரிக்கா கடன்-குத்தகைத் திட்டத்தின்கீழ் இந்தியாவுக்கு 22 கோடியே 60 இலட்சம் அவுன்ஸ் வெள்ளியைக் கடனாக வழங்கியது. நாணயம் அச்சிடவும் வெள்ளி விலையின் ஏற்றத்தைத் தடுக்கவும் அது வழங்கப்பட்டது. அதனைப் பணமாகவன்றி வெள்ளியாகவே திருப்பித் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். 1947இல் வெள்ளியே இல்லாத நிக்கல் ரூபாய் புலி உருவத்துடன் வெளிவந்தது. வெள்ளி கலந்த நாணயங்கள் புழக்கத்திலிருந்து மீட்கப்பட்டன. நான்கு உலோகக் கலவையினின்று வெள்ளியைப் பிரிப்பதற்காகக் கல்கத்தாவில் வெள்ளித் தூய்மைப்படுத்தும் ஆலை அமைக்கப்பட்டது. பிரிவினைக்குப்பின் இந்தியாவும் பாகிஸ்தானும் பகிர்ந்துகொண்ட அக்கடன் 1957இல் தீர்ந்தது. இங்கிலாந்தும் இத்தகைய வெள்ளிக் கடனைத் தீர்க்கும் பொருட்டே 1947 முதல் தன் நாணயங்களில் வெள்ளியை நீக்கிச் செம்பு-நிக்கல் கலவையைக் கையாண்டது.

6. அமெரிக்காவில் அதே கதை

இந்தியாவில் 1940களில் நடந்தது அமெரிக்காவில் 1960களில் நடந்தது. அங்கு வங்கிகளிலிருந்து நாணயம் பெற்று வெள்ளி தேடும் வழக்கம் இன்றளவும் உயிருடன் இருப்பதால் ஒப்பீடு பயனுடையது.

அமெரிக்காவின் 10 சென்ட், 25 சென்ட், அரை டாலர் நாணயங்கள் 1964 வரை 90 விழுக்காடு வெள்ளியால் ஆனவை. வெள்ளித் தட்டுப்பாடும் சில்லறைத் தட்டுப்பாடும் பெருகவே, 1965 ஜூலை 23இல் கையெழுத்தான நாணயச் சட்டம் முதலிரண்டு நாணயங்களிலிருந்து வெள்ளியை முற்றிலும் நீக்கியது. அரை டாலரில் 40 விழுக்காடாகக் குறைத்து 1970 வரை அதனைத் தொடர்ந்தது. நாணயம் சேர்ப்போரே தட்டுப்பாட்டுக்குக் காரணம் என்று கருதிய அரசு, அச்சிட்ட இடத்தைக் காட்டும் குறிகளை 1965 முதல் 1967 வரை நீக்கியது. 1964 என்ற ஆண்டே அவ்வாண்டு கழிந்த பின்னரும் நாணயங்களில் பொறிக்கப்பட்டது.

அங்கும் ஒரு எல்லைக் கணக்கு இருந்தது. வெள்ளியின் விலை அவுன்ஸுக்கு ஏறத்தாழ 1.38 டாலரைக் கடந்தால் சில்லறை நாணயத்தை உருக்குவது ஆதாயம். 1967 மே மாதத்தில் வெள்ளி நாணயத்தை உருக்குவதும் ஏற்றுமதி செய்வதும் தடைசெய்யப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் கருவூலம் வெள்ளியை 1.29 டாலருக்கு விற்பதை நிறுத்தியது. சந்தை விலை எல்லையைத் தாண்டியது. உருக்கல் தடை 1969 மே மாதம் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்கக் கருவூலமே தன்னிடம் திரும்பிவந்த நாணயங்களை இயந்திரங்களால் பிரித்து வெள்ளியை மீட்டது. இந்தியாவிற் போலவே அங்கும் அரசு தேடுநராயிற்று.

ஆனால் அமெரிக்கா பழைய வெள்ளி நாணயங்களைச் செல்லாதவை என அறிவிக்கவில்லை. அதனால் அவை இன்றும் சட்டப்படி செல்லும். புழக்கத்தில் எஞ்சிய சில, வங்கிகளின் நாணய உருளைகளுக்குள் கலந்துகிடக்கின்றன. வங்கியில் 20 அரை டாலர்கள் கொண்ட 10 டாலர் உருளைகளை வாங்கி, ஒவ்வொன்றாக அவிழ்த்து, விளிம்பைப் பார்ப்பதே தேடுவோர் கையாளும் முறை. செம்பு நடுவே அமைந்த புதிய நாணயத்தின் விளிம்பில் செந்நிறக் கோடு தெரியும். 90 விழுக்காடு வெள்ளி நாணயத்தின் விளிம்பு வெண்மையாக இருக்கும். அன்றாட வாணிகத்தில் அரை டாலர் மிகுதியாக வழங்காமையால் அதன் உருளைகளில் பழைய நாணயங்கள் தங்கிவிட வாய்ப்பு உண்டு. எஞ்சிய நாணயங்களை வேறொரு வங்கியில் செலுத்திவிட்டு மீண்டும் புதிய உருளைகளை வாங்குவர். 1980 ஜனவரியில் வெள்ளியின் விலை அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியபோது இவ்வாறு சேர்க்கப்பட்ட நாணயங்களுள் பெரும் பகுதி உருக்குலையை அடைந்தது.

7. ஆதாயம் யாருக்கு?

இவ்விரு நாடுகளின் வரலாற்றையும் ஒப்பிடும்போது ஒரு வினா எழுகிறது. நாணயத்துக்குள் இருந்த வெள்ளியின் விலையேற்றம் யாரைச் சேர்ந்தது?

இந்திய நிலையை ஒரு கணக்கால் விளக்கலாம். பழைய ரூபாயில் தோலாவின் 12இல் 11 பங்கு வெள்ளி இருந்தது. எனவே 100 தோலா தூய வெள்ளியின் விலை 109 ரூபாயைக் கடக்கும்போது நாணயத்தின் உலோகம் அதன் முகமதிப்பை மிஞ்சும். போர் தொடங்கியபோது பம்பாய்ச் சந்தை விலை இதனினும் மிகக் குறைவு. போர் முடியும் தறுவாயில் இவ்வெல்லைக்கு மேல். 1941இல் விக்டோரியா ரூபாயைக் கருவூலத்தில் கொடுத்துத் தாள் வாங்கியவர் சட்டத்தைப் பின்பற்றினார். அன்றைய கணக்கில் அவருக்கு இழப்பும் இல்லை. ஆனால் சில ஆண்டுகளில் போர்க்கால விலையேற்றம் அவர் கையிலிருந்த தாளின் வாங்கும் ஆற்றலைக் குறைத்தது. அறிவிப்பை அறியாமலோ, அறிந்தும் நம்பாமலோ ரூபாயைப் பானைக்குள் வைத்திருந்தவரின் காசு ‘செல்லாக் காசு’ ஆயிற்று. எனினும் வெள்ளி என்ற நிலையில் அது முன்னினும் விலைபெற்றது. தமிழில் பயனற்றவற்றைக் குறிக்கும் செல்லாக் காசு என்னும் தொடர் இங்கே பொருள் மாறி நிற்கிறது.

இதனைக் கொண்டு அறியாமையே நன்மை தந்தது என முடிவு செய்தல் பொருந்தாது. காசைச் செலவிடாமல் வைத்திருக்க முடிந்தவர்க்கே அந்த நன்மை. நாள்தோறும் கூலி பெற்று நாள்தோறும் அரிசி வாங்கியவர் கையில் வெள்ளி ரூபாய் ஓரிரவுகூடத் தங்கவில்லை. அவர் அதனைக் கடையில் கொடுத்தார். கடைக்காரர் பிரித்து வைத்தார். அவருக்கு மிஞ்சியது ஓட்டைக் காலணா. ஆகவே வெள்ளி தேடலுக்கு வேண்டிய கருவிகள் இரண்டு: வேறுபாட்டை அறியும் கண் ஒன்று, காத்திருக்கும் வசதி மற்றொன்று. கண்ணைப் பயிற்சியால் பெறலாம். வசதியை அவ்வாறு பெறமுடியாது. அரசுக்கு இவ்விரண்டும் இருந்தன. அவற்றோடு நாள் குறிக்கும் அதிகாரமும் இருந்தது. ஆதலால் ஆதாயத்தின் பெரும் பங்கு அரசைச் சேர்ந்தது. அடுத்த பங்கு கையிருப்பு உடையோரைச் சேர்ந்தது.

வெள்ளி நீங்கியபின்னும் இச்சிக்கல் நீங்கவில்லை. சிறு நாணயங்களை உருக்குவதையும் பதுக்குவதையும் தடுக்க 1971இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டமும் நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் குற்றமாகவே வைத்துள்ளது. முகமதிப்பு சிறிதாகவும் உலோகத்தின் விலை பெரிதாகவும் ஆகும் எந்நாளிலும் பொறுக்குவோர் தோன்றுவர் என்பதை அரசு மறக்கவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. பழைய நோட்டக்காரர் நாணயத்தின் வேறுபாட்டை வெளிப்படையாக விலையிட்டார். 1835ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேறுபாடு இல்லை என்று கூறியது. 1917ஆம் ஆண்டும் 1940ஆம் ஆண்டும் அது மறையவில்லை என்பதைக் காட்டின. வங்கியிலும் கடையிலும் வெள்ளி தேடியவர்கள் சட்டத்துக்கும் உலோகத்துக்கும் இடையே தோன்றிய பிளவைப் பயன்படுத்தினரேயன்றி, அப்பிளவை உண்டாக்கவில்லை. அதனை உண்டாக்கிய அரசே அதில் முதன்மையான தேடுநராகவும் இருந்தது. மக்களின் தேடலைப் பதுக்கல் எனவும் அரசின் தேடலை மீட்பு எனவும் ஆவணங்கள் பெயரிட்டன, செயல் ஒன்றே.

இந்தியாவில் இன்று வங்கி நாணயக் குவியலில் வெள்ளி ரூபாய் கிடைப்பதில்லை. 1941 முதல் 1943 வரையிலான ஆணைகளும் அவற்றைத் தொடர்ந்த மீட்பும் அதனைப் புழக்கத்திலிருந்து நீக்கிவிட்டன. எஞ்சியவை குடும்பங்களின் பெட்டிகளிலும் நாணயம் சேர்ப்போரிடத்தும் உள்ளன. அவற்றை வரலாற்றாசிரியர் கையில் எடுக்கும்போது மன்னரின் தலையையும் ஆண்டையும் மட்டும் குறித்துக்கொள்வது போதாது. ஒவ்வொரு வெள்ளி ரூபாயும், அதனைக் கொடுத்துவிட வேண்டிய தேவையின்றி யாரோ ஒருவர் காத்திருக்க முடிந்தது என்பதற்கான சான்று. கொடுத்துவிட்டவர்களின் ரூபாய்கள் கட்டிகளாக உருகிக் கடனாகக் கடல்கடந்து சென்றன. அவர்களைப் பற்றிப் பேச நாணயம் எதுவும் எஞ்சவில்லை. அவர்களையும் உளப்படுத்தி எழுதும்போதே வெள்ளி ரூபாயின் வரலாறு முழுமை பெறும்.